காலி வீதியிற் கேட்ட கூட்டுக்குரல்

மனிதன் தனித்து நின்று பாடக் கற்றுக்கொள்வதற்கு நெடுங்காலம் முன்னரே கூடி நின்று பாடக் கற்றுக்கொண்டான். நாற்று நடுகையிலும், தோணி தள்ளுகையிலும், பாரம் இழுக்கையிலும் பல கைகளை ஒரு கையாக்கியது பாட்டேயாகும். கார்ல் பூச்சர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1896இல் உழைப்பையும் தாளத்தையும் இணைத்து ஆராய்ந்தார். ஜோர்ஜ் தொம்சன் 1945இல் வெளியிட்ட சிறுநூலில் கவிதையின் பிறப்பையே கூட்டுழைப்பிற் கண்டார். அதே தொம்சனிடம் பர்மிங்காமில் ஆராய்ச்சி செய்து திரும்பியவர்களே நம் பேராசிரியர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும். ஆகவே இக்கருத்து நம் வாசகர்க்குப் புதிதன்று. ஆயினும், வயலையும் துறைமுகத்தையும் விட்டு நகரத் தெருவுக்கு வந்த கூட்டுப்பாட்டு யாரைச் சேர்க்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்ற வினாவை நாம் போதிய அளவு எழுப்பியதில்லை. கொழும்பு மாநகரின் வரலாறு அவ்வினாவுக்கு ஒரு பெரும் பாடமாக அமைகிறது.

முதலில் தொலைவிலுள்ள ஓர் ஊரைப் பார்ப்போம். சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்ரொக்ஹோமில் ஸ்கான்சென் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகம் 1891இல் நிறுவப்பட்டது. அங்கே 1935ஆம் ஆண்டுக் கோடையில் ஸ்வென் லில்யா என்ற இசைத் தலைவர், கேட்க வந்த மக்களையே பாட வைத்தார். மேடையில் ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். திடலில் நிற்போர் அனைவரும் தொடர்ந்து பாடுவர். நீண்ட குளிர்காலத்தில் கதவடைத்திருந்த மக்கள் வெளிச்சம் மங்காத கோடை மாலையில் வெளியே வந்து பாடிய இவ்வழக்கம், வானொலியிலும் பின்னர் 1979 முதல் தொலைக்காட்சியிலும் பரவி நாட்டின் கோடைச் சடங்காகவே ஆகிவிட்டது.

இதைக் கோடை வெயிலின் கொடை என்று மட்டும் சொல்லி அமைதல் பொருந்தாது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1931 மே 14ஆம் நாள், அந்நாட்டின் ஓடாலென் பகுதியில் ஊர்வலம் சென்ற தொழிலாளர்மீது படையினர் சுட்டதில் ஐவர் மாண்டனர். 1932இல் சமூக ஜனநாயகக் கட்சி ஆட்சிக்கு வந்து, நாடு என்பது எல்லோருக்கும் இடமுள்ள ஓர் இல்லமாக வேண்டும் என முழங்கிற்று. தொழிலாளர் தம் சங்கங்களின் மூலம் மக்கள் பூங்காக்களை ஏற்கெனவே ஊர்தோறும் அமைத்திருந்தனர். கூடிப் பாடும் பழக்கத்துக்கு முன்பே கூடும் இடம் அங்கே போராடிப் பெறப்பட்டிருந்தது என்பதே நாம் குறித்துக்கொள்ள வேண்டியதாகும்.

கொழும்பில் அத்தகைய கோடை இல்லை. ஆனால் ஆடி உண்டு. செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்டுக் கோட்டை, காலிமுகத்திடல், கொள்ளுப்பிட்டி வழியாக ஓராண்டு பம்பலப்பிட்டிக்கும் மறு ஆண்டு வெள்ளவத்தைக்கும் செல்வதாக அமைந்த ஆடிவேல் விழாவை அறியாத கொழும்புவாசி இல்லை. 1874இல் இவ்விழா தொடங்கியதாகக் கூறுவர். கதிர்காமம் நோக்கி நடந்த யாத்திரிகர் கூட்டத்தினால் வாந்திபேதி பரவுகிறதென்று ஆங்கில அரசு யாத்திரையைக் கட்டுப்படுத்திய காலம் அது. கதிர்காமத்துக்குப் போகவியலாதோர் கதிர்காமத்தையே நகரத் தெருவுக்கு வரவழைத்தனர் எனலாம்.

வெள்ளித் தேர் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுடையது. வட்டித் தொழிலில் திரண்ட செல்வத்தின் பளபளப்பு அதில் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் தேருக்கு முன்னும் பின்னும் எழுந்த குரல் யாருடையது? துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனும், நகரசபையின் கீழ்த் தெருப்பெருக்கியவனும், கடைச் சிப்பந்தியும், இடுப்பிற் குழந்தையோடு வந்த பெண்ணும் எழுப்பிய குரல் அது. தேரை வாங்கப் பணம் வேண்டும். அரோகரா என்று குரல் கொடுக்கப் பணம் வேண்டியதில்லை.

காவடிச் சிந்தின் அமைப்பையும் இங்கே நோக்குதல் தகும். கழுகுமலை முருகன்மீது காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் 1891இல் மிக இளம் வயதிலேயே மறைந்தார். ஆயினும் அவ்வடிவம் கடல் கடந்தும் வாழ்கிறது. காரணம் எளியது: நடக்கும் காலுக்கு ஏற்ற சந்தம், முன்பாட்டுக்காரன் முழு அடியைப் பாடினால், கூட்டம் திருப்பிச் சொல்ல வேண்டியது ஒரு சிறு தொடரே. ஏடு வேண்டா, எழுத்தறிவு வேண்டா, பயிற்சி வேண்டா. இரண்டு முறை கேட்டவன் மூன்றாம் முறை பாடகனாகிறான். தமிழ் தெரியாத சிங்களச் சகோதரனும் காலி வீதியின் ஓரத்தில் கடலை கொறித்துக்கொண்டே அரோகராவில் கலந்துகொள்ள முடிந்தது இதனாலேயே.

எனினும் கூட்டுப்பாட்டு எப்பொழுதும் இவ்வாறு கதவைத் திறந்து வைத்ததென்று கூறின் அது வரலாற்றுக்கு விரோதமாகும். துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனைக்குச் செல்வோம். அங்கே புனித லூசியாள் பேராலயம் இருக்கிறது. சற்றுத் தொலைவில் மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் தீபதுத்தாராம விகாரை இருக்கிறது. கத்தோலிக்கருடைய தவக்காலப் பாடல் மரபு பழமையானது. கோவாவிலிருந்து 1705இல் வந்து, ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த காலத்தில் இந்நாடெங்கும் உழைத்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் (1676–1742) தமிழில் வியாகுலப் பிரசங்கத்தையும் சிங்களத்தில் பசன் நூலையும் ஆக்கியவர். கிறிஸ்துவின் பாடுகளை நினைந்து தமிழனும் சிங்களவனும் தத்தம் மொழியில் புலம்பினர். புலம்பலுக்குச் சொல் தந்த கை ஒன்றே.

அதே கொட்டாஞ்சேனையில், 1883 மார்ச் 25ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, தீபதுத்தாராமத்தை நோக்கி மேளதாளத்துடன் வந்த பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர் தாக்கினர். உயிர்ச்சேதமும் நேர்ந்தது. நாற்பது நாள் கூடி அழுத குரல்கள், பக்கத்துத் தெருவின் மேளத்தைக் கேட்டதும் கூடிக் கொதித்தன. இக்கலவரத்தின் பின் ஒல்கொட் மேற்கொண்ட முயற்சிகளின் பயனாக 1885இல் வெசாக் நாள் அரச விடுமுறையாயிற்று. பௌத்த மறுமலர்ச்சியில் எழுந்த பக்தி கீதக் குழுக்களும் கிறிஸ்துமஸ் கீதக் குழுக்களின் சாயலிலேயே வளர்ந்தன. எதிரியென்று கருதியவனிடமிருந்தே பாடும் முறையைக் கற்றுக்கொள்வது பண்பாட்டு வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. ஆனால் விந்தை அத்துடன் நிற்கவில்லை. 1915 மே மாத இறுதியில், வெசாக் இரவில், கண்டியில் கீதம் பாடிச் சென்ற ஒரு குழு பள்ளிவாசலொன்றைக் கடந்தபோது மூண்ட தகராறே, கொழும்பு வரை பரவிய சிங்கள–முஸ்லிம் கலவரமாயிற்று. அன்பைப் போதிக்கும் கீதத்தைப் பாடியவாறே கலவரத்தின் வாயிலுக்குச் செல்ல முடியும் என்பதை அவ்வாண்டு காட்டிற்று.

மதத்தின் பேராற் கூடிய குரலுக்கு அப்பால், வயிற்றின் பேராற் கூடிய குரல் இருபதாம் நூற்றாண்டின் இருபதுகளில் எழுந்தது. 1923இல் புகையிரதத் தொழிற்சாலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் கொழும்பின் பொது வேலைநிறுத்தமாக வளர்ந்தது. ஏ. ஈ. குணசிங்க அதன் தலைவர். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் அவரோடு சேர்ந்து உழைத்தார். பின்னர், இந்தியத் தொழிலாளருக்கு எதிரான குரல் குணசிங்கவின் இயக்கத்தில் ஓங்கியபோது இருவரும் பிரிய நேர்ந்தது. நடேசய்யர் 1931இல் ஹற்றனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார்.

அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையை நாம் தனித்து நினைவுகூர வேண்டும். எழுத்தறிவு மறுக்கப்பட்ட தோட்ட மக்களிடம் துண்டுப்பிரசுரம் செல்லாது. சொற்பொழிவும் பாதி தூரமே செல்லும். ஆகவே அவர் பாடினார். மக்கள் அறிந்திருந்த மெட்டுக்களில் கூலிக் குறைவையும் குடியுரிமைப் பறிப்பின் அபாயத்தையும் பொதிந்து கூட்டந்தோறும் பாடினார். இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை என்ற தலைப்பில் அப்பாடல்கள் 1940இல் நூலாகவும் வெளிவந்தன. மெட்டு ஏற்கெனவே நெஞ்சில் இருப்பதால், புதிய சொல் தானே வந்து அமர்ந்துகொள்ளும். காவடிச் சிந்தின் அதே இரகசியம் இங்கே லயத்து மக்களின் ஆயுதமாயிற்று.

நகரில் என்ன நடந்தது? 1933இல், வேல் சென்று தங்கும் அதே வெள்ளவத்தையில், நூற்பு நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிங்களவரும் மலையாளிகளும் தோளோடு தோள் நின்ற போராட்டம் அது. குணசிங்கவின் சங்கம் அதற்கு எதிராக நின்றது, கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளைஞர் துணை நின்றனர். 1935 டிசம்பரில் சமசமாஜக் கட்சி தோன்றியது. ஸ்கான்சென் திடலில் மக்கள் பாடத் தொடங்கிய ஆண்டும் அதுவே. இரு நாட்டிலும் உழைப்பவர் ஒரே குரலாகலாம் என்ற நம்பிக்கை அரும்பிய காலம். பின்னர் அவர்கள் பாதையும் நம் பாதையும் பிரிந்தன.

எவ்வாறு பிரிந்தன என்பதைக் காலி வீதியே சொல்லும். 1956 ஜூன் 5ஆம் நாள், சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்துக் காலிமுகத்திடலில் அமைதியாக அமர்ந்த தமிழ்ச் சத்தியாக்கிரகிகள் தாக்கப்பட்டனர். 1983 ஜூலையில், அரோகராக் கேட்கும் அதே ஆடி மாதத்தில், வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. கடலை கொறித்தபடி வேல் பார்த்த பாதையிலே மக்கள் உயிருக்கு ஓடினர். அதன்பின் சில ஆண்டுகள் வேல் அவ்வீதியில் உலா வரவில்லை. தெருவை இழந்தவனுக்குப் பாட்டு ஏது?

அரசும் தன் பங்குக்கு ஒரு கூட்டுப்பாட்டை வைத்திருக்கிறது. ஆனந்த சமரக்கோன் சிங்களத்தில் ஆக்கிய தேசிய கீதத்துக்குப் புலவர் மு. நல்லதம்பி தந்த தமிழ் வடிவமும் உண்டு. மெட்டு ஒன்று, பொருள் ஒன்று. ஆயினும் 1949க்குப் பின்னர் அரசின் சுதந்திர தின விழாவில் அது தமிழில் ஒலிக்க 2016 பெப்ரவரி 4 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2020இல் மீண்டும் விலக்கப்பட்டது. ஒரு நாட்டு மக்கள் ஒன்றாகப் பாட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, பாடும் வாய்களிற் சிலவற்றை மூடிவைப்பது எத்தகைய ஒற்றுமை?

2022இல், பொருளாதாரம் சரிந்து அடுப்பெரியாத நாட்களில், மக்கள் அதே காலிமுகத்திடலிற் கூடினர். அங்கே தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. மே 18ஆம் நாள் முள்ளிவாய்க்காலின் இறந்தோரும் நினைவுகூரப்பட்டனர். அதனால் எல்லாம் மாறிவிட்டதென்று நாம் மயங்கவில்லை. பசி கற்பித்ததை, பசி தணிந்தபின் மறப்பது இந்நாட்டுக்குப் பழக்கமானதே. ஆயினும் 1956இல் அடி விழுந்த திடலில் 2022இல் தமிழ்ப் பாட்டு எழுந்தது என்பது வரலாறு. அதை எவரும் அழிக்க இயலாது.

கூடிப் பாடுவது தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று. வட்டத்தை யார் வரைகிறார், அதற்குள் வர யாருக்கு அனுமதி, பல்லவியை யாருடைய நாவும் சொல்ல முடிகிறதா என்பனவே அதன் தன்மையைத் தீர்மானிக்கின்றன. ஆசிரியர்களாகிய நண்பர்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது சிறியதொன்றே. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் காலைப் பிரார்த்தனைக்கு வரிசையாக நிற்கும் பிள்ளைகளுக்கு அடுத்த வீட்டுக்காரனின் பாட்டொன்றையும் கற்பியுங்கள். மீனாட்சியம்மையின் பெயரையும் சொல்லிக்கொடுங்கள். அடுத்த ஆடியில் வேல் காலி வீதியில் வரும்போது, வீதியோரத்தில் நிற்கும் எந்தப் பிள்ளையும் அச்சமின்றிக் குரல் சேர்க்க முடிந்தால், அவ்வீதி மீண்டும் மக்களுடையதாகும்.