சதுரங்கப் பலகையும் அல் பிரூனியும்

சதுரங்கம் இந்தியாவில் பிறந்து, பாரசீகம் வழியே அரபுலகம் சென்ற ஆட்டம். கூடவே ஒரு கணக்கும் வந்தது. முதற் கட்டத்தில் ஒரு தானியம், பிறகு கட்டத்துக்குக் கட்டம் இரு மடங்கு. 64 கட்டங்களிலும் மொத்தம் எவ்வளவு?

18,446,744,073,709,551,615. தென்மராட்சி வயலெல்லாம் விளைந்தாலும் ஈடாகாது.

கி.பி. 1000 அளவில் இதைக் கணக்கிட்ட அல் பிரூனி ஒவ்வொரு கட்டமாகக் கூட்டவில்லை. 16இன் வர்க்கம் 256. அதன் வர்க்கம் 65,536. அதன் வர்க்கம் 4,294,967,296. அதையும் வர்க்கித்து, ஒன்றைக் கழித்தார்.

ஏன் ஒன்று? 1+2+4=7; அடுத்த கட்டம் 8. மொத்தம் எப்போதும் அடுத்த கட்டத்தைவிட ஒன்று குறைவு.

தரம் 8இல் இதைக் கண்டுபிடித்தவன், கணக்குப் பாடத்தில் கடைசி வாங்கில் ஒளியும் பிள்ளை. ஆசிரியர்களே, சூத்திரத்தைச் சொல்லுமுன் பிள்ளைகளைக் கொஞ்சம் பார்க்க விடுவோம்.