டிரான்ஸ்ஃபார்மர்ஸ் தொடரின் நாயகர்களும் வில்லன்களும்

'தி டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' 1984 செப்டம்பர் 17 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி 1987 நவம்பர் 11 வரை ஒளிபரப்பான கார்ட்டூன் தொடர். நான்கு பருவங்கள், 98 பகுதிகள். சைபர்ட்ரான் என்ற இயந்திரக் கோளில் மூண்ட உள்நாட்டுப் போர் பூமிக்கு வந்து சேர்வதுதான் கதை. ஆட்டோபாட்கள் நல்லவர்கள், டிசெப்டிகான்கள் கெட்டவர்கள். இரு தரப்பு ரோபோக்களும் வண்டியாக, விமானமாக, துப்பாக்கியாக, டேப் ரெக்கார்டராக உருமாறக்கூடியவை. நாற்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமியில் விழுந்து எரிமலைக்குள் புதைந்த ஆர்க் என்ற விண்கலம் 1984-ல் விழித்துக்கொள்கிறது. எரிபொருளுக்கான சண்டை அங்கிருந்து தொடர்கிறது.

யார் எந்தப் பக்கம் என்பதை இந்தத் தொடரில் கதாசிரியர்கள் மட்டும் முடிவுசெய்யவில்லை. பொம்மை என்னவாக உருமாறுகிறது என்பதே பெரும்பாலும் முடிவுசெய்தது. தொடரின் கவர்ச்சி, அபத்தம் இரண்டுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

பொம்மையிலிருந்து பாத்திரம்

ஜப்பானின் டகாரா நிறுவனம் டயாக்லோன், மைக்ரோமேன் என்று இரண்டு பொம்மை வரிசைகளை விற்றுவந்தது. டயாக்லோன் ரோபோக்களுக்குத் தனி உயிர் கிடையாது. உள்ளே உட்கார்ந்து ஓட்டுவதற்குச் சின்னஞ்சிறு மனிதப் பொம்மைகள் இருந்தன. மைக்ரோமேன் வரிசையின் ஒரு பிரிவிலோ கைத்துப்பாக்கி, கேசட் பிளேயர் போன்ற வீட்டுப் பொருள்கள் அசல் அளவிலேயே ரோபோவாக மாறின. இரண்டு வரிசைகளின் உரிமையையும் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ வாங்கி ஒரே பெயரின்கீழ் கலந்தது. அளவுக் குழப்பம் அப்போதே ஒட்டிக்கொண்டது. தலைவன் மெகாட்ரான் துப்பாக்கியாகச் சுருங்கித் தன் அடியாளின் உள்ளங்கையில் உட்காருவான். அத்தனை உலோகமும் எங்கே போயிற்று என்று தொடர் ஒருபோதும் விளக்கவில்லை. ஆப்டிமஸ் பிரைம் லாரியிலிருந்து ரோபோவாக எழும்போது பின்னாலிருக்கும் டிரெய்லர் எங்கே மறைகிறது என்பதும் இதே வகைப் புதிர்.

வெறும் பொம்மைகளுக்குக் கதையும் குணமும் தரும் வேலை மார்வெல் காமிக்ஸிடம் வந்தது. தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் போரின் பின்னணியை எழுதினார். ஆப்டிமஸ் பிரைம் என்ற பெயர் டென்னி ஓ'நீல் கொடுத்தது. மற்றப் பெயர்கள் ஹாஸ்ப்ரோவுக்குப் பிடிக்காமல்போகவே, பாப் புடியான்ஸ்கி என்ற ஆசிரியர் அவசர அவசரமாகப் பெரும்பாலான பெயர்களையும் குணக்குறிப்புகளையும் எழுதிக் கொடுத்தார். மெகாட்ரான் என்ற பெயர் பயமுறுத்துகிறதே என்று நிறுவனம் தயங்கியபோது, வில்லன் பயமுறுத்தத்தானே வேண்டும் என்று அவர் வாதாடி வென்றார். இந்தக் குறிப்புகள் பொம்மைப் பெட்டியின் பின்புறத்தில் அச்சாயின. வலிமை, அறிவு, வேகம், துணிச்சல் முதலிய எட்டுத் தகுதிகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். அதைச் சிவப்புப் பிளாஸ்டிக் தகடு வழியாகத்தான் படிக்க முடியும்.

டயாக்லோனில் ஆப்டிமஸாக மாறப்போகும் லாரியும் ஸ்டார்ஸ்கிரீமாக மாறப்போகும் ஜெட் விமானமும் ஒரே அணியில் இருந்தவை. அமெரிக்காவில்தான் இரண்டும் பகையாளிகளாயின. கார், வேன், லாரி எல்லாம் நல்லவர் பக்கம் போயின. போர் விமானமும் துப்பாக்கியும் கெட்டவர் பக்கம் சேர்ந்தன. தொடரைச் சன்போ, மார்வெல் புரொடக்‌ஷன்ஸ் ஆகியவை தயாரித்தன. படம் வரையும் வேலை ஜப்பானின் டோய் நிறுவனத்திலும் பிறகு தென்கொரியாவின் ஏகாம் நிறுவனத்திலும் நடந்தது. அமெரிக்க ஒளிபரப்பு ஆணையம் விளம்பர நேர வரம்புகளை 1984-ல் தளர்த்தியிருந்ததால் ஒரு பொம்மை வரிசையையே முழுத் தொடராக்குவதற்குத் தடை இல்லை.

ஆட்டோபாட்கள்

ஆப்டிமஸ் பிரைமின் பெருமையில் பாதி எழுத்துக்கு உரியது என்றால் மறுபாதி பீட்டர் கல்லனின் குரலுக்கு உரியது. வியட்நாம் போரில் பணியாற்றிய தன் அண்ணனை மனத்தில் வைத்தே அந்தக் குரலை அமைத்ததாகக் கல்லன் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கத்திப் பேசும் நாயகன் வேண்டாம், மென்மையாக இருக்கும் அளவுக்குப் பலமுள்ளவன் போதும் என்பது அண்ணன் தந்த யோசனை. அந்தக் காலக் கார்ட்டூன் நாயகர்கள் நெஞ்சை நிமிர்த்தி முழங்கிக்கொண்டிருந்தபோது இவன் தாழ்ந்த குரலில், வீட்டுப் பெரியவர் பேசுவதுபோல நிதானமாகப் பேசினான். குழந்தைகள் அவனிடம் ஒட்டிக்கொண்டதற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாம் பருவத்தின் 'வார் டான்' பகுதி அவன் பூர்விகத்தைச் சொல்கிறது. தொண்ணூறு லட்சம் ஆண்டுகளுக்கு முன் அவன் ஓரியன் பாக்ஸ் என்ற சாதாரணச் சரக்குத் துறைத் தொழிலாளி. பறக்கத் தெரிந்த புதுவகை ரோபோக்களைப் பார்த்து வாய் பிளக்கிறான். அவர்களின் தலைவன் மெகாட்ரான்தான் அவனுடைய ஆதர்சம். அந்த நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொண்டு மெகாட்ரான் கிடங்கைச் சூறையாடி அவனைச் சுட்டு வீழ்த்துகிறான். ஆல்ஃபா டிரையான் என்ற முதியவர் சிதைந்த உடலைத் திருத்திக் கட்டி எழுப்புகிறார். தொடரின் மொத்தப் பகையும் ஓர் ஏமாந்த ரசிகனிடமிருந்து பிறந்தது என்று சொல்லும் இந்தப் பகுதி, எழுத்தில் தொடரின் உச்சங்களில் ஒன்று.

மற்ற ஆட்டோபாட்களில் பம்பிள்பீ ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காராக உருமாறும் சிறுவன் போன்ற ஒற்றன். ஸ்பைக் என்ற மனிதச் சிறுவனுக்கு நெருங்கிய நண்பன். போர்ஷே பந்தயக் காரான ஜாஸுக்கு ஸ்காட்மேன் குரோதர்ஸ் குரல் கொடுத்தார். அயர்ன்ஹைட், ராட்செட், ப்ரௌல் ஆகியோர் படைக்குத் தேவையான அளவுக்கு வந்து போகிறார்கள். உண்மையைச் சொன்னால் நல்லவர்களில் பலர் நிறத்தால் மட்டுமே வேறுபடுகிறார்கள். விதிவிலக்கு டைனோபாட்கள். பூமியில் கண்ட புதைபடிவங்களைப் பார்த்து ஆட்டோபாட்கள் கட்டிய இந்த டைனோசர் ரோபோக்களுக்குப் பலம் அதிகம், அடக்கம் கிடையாது. தலைவன் கிரிம்லாக் தன்னைத் தவிர யாரையும் மதிக்காமல் குழந்தை மொழியில் உறுமுவான். ஆப்டிமஸையே எதிர்த்து நிற்பான். நல்லவர் அணிக்குள் கட்டுக்கடங்காத ஒன்றை நுழைத்தது தொடரின் நல்ல முடிவுகளில் ஒன்று.

டிசெப்டிகான்கள்

வில்லன்களின் முகாம் கடலடியில் கிடக்கும் உடைந்த கலம். அங்கே நடப்பது படைத்தளத்தின் வாழ்க்கையைவிட அரண்மனைச் சூழ்ச்சியையே அதிகம் ஒத்திருக்கிறது. தொடரின் சுவை முழுக்க இங்கேதான் என்பது இக்கட்டுரையின் கணிப்பு.

மெகாட்ரான் வால்தர் பி38 கைத்துப்பாக்கியாக மாறுபவன். குரல் ஃப்ராங்க் வெல்க்கர். எண்ணெய்க் கிணறு, அணைக்கட்டு, ராக்கெட் எரிபொருள் என்று கண்ட இடத்திலெல்லாம் ஆற்றலை உறிஞ்சி எனர்ஜான் கட்டிகளாக்கிச் சைபர்ட்ரானுக்கு அனுப்புவதே அவன் திட்டம். 1970-களின் எண்ணெய் நெருக்கடியை மறக்காத அமெரிக்கக் குடும்பங்களுக்கு இந்த வில்லத்தனம் விளக்கம் இல்லாமலே புரிந்திருக்கும். போர்ச் சட்டப்படி நேருக்கு நேர் சண்டைக்கு ஆப்டிமஸை அழைத்துவிட்டு, தன் கூட்டத்தார் அனைவரின் சக்திகளையும் ரகசியமாகத் தன் உடலில் ஏற்றிக்கொண்டு வருவான் (முதல் பருவத்தின் கடைசிப் பகுதி). ஜெயிப்பதற்காகச் சட்டத்தை மீறுவதோடு நிற்காமல், சட்டப்படி ஜெயித்ததாகப் பெயரும் வாங்கத் துடிப்பவன் அவன்.

ஸ்டார்ஸ்கிரீம் எஃப்-15 விமானம். பதவியில் துணைத் தலைவன், கனவிலோ தலைவன். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் மெகாட்ரானைக் கவிழ்க்கப் பார்ப்பான், மாட்டிக்கொண்டால் காலில் விழுவான். கிறிஸ் லாட்டாவின் கீச்சுக் குரல் இல்லாமல் இந்தப் பாத்திரம் இல்லை; 'ஜி.ஐ. ஜோ' தொடரின் கோப்ரா கமாண்டரும் அவரே. ஒருமுறை ஒரு தீவுக்கு நாடு கடத்தப்பட்டபோது அங்கே கிடந்த இரண்டாம் உலகப் போர்க் காலத்து உடைந்த வண்டிகளைக் கொண்டே காம்பாட்டிகான்கள் என்ற தனிப் படையை அவன் கட்டிக்கொண்டான். இத்தனைக்கும் பிறகு மெகாட்ரான் அவனை ஏன் கூடவே வைத்திருக்கிறான் என்பதற்குத் தொடரில் நியாயமான காரணமே இல்லை. இருந்தால் ரசிக்க முடியாமல் போயிருக்கும்.

சவுண்ட்வேவ் இதற்கு நேர் எதிர். கேசட் பிளேயராக மாறுபவன். உணர்ச்சியற்ற, இயந்திரம் மெல்லும் குரல். அதுவும் வெல்க்கர்தான், வோகோடர் கருவி வழியாக. நெஞ்சைத் திறந்தால் லேசர்பீக் என்ற பறவையும் ரேவேஜ் என்ற சிறுத்தையும் கேசட்டாக வெளியே வந்து உளவு பார்க்கும். சைபர்ட்ரானில் நாற்பது லட்சம் ஆண்டுகள் தனியாகக் காவல் காத்த ஷாக்வேவ் இன்னொரு விசுவாசி.

ஆறு கட்டுமான வண்டிகள் ஒன்றாக இணைந்து டெவஸ்டேட்டர் என்ற பேருருவாகும் கன்ஸ்ட்ரக்டிகான்களுக்குத் தொடர் மூன்று வெவ்வேறு பிறப்புக் கதை தருகிறது. ஓரிடத்தில் மெகாட்ரான் அவர்களைப் பூமியில் கட்டுகிறான். இன்னோரிடத்தில் நல்ல கட்டடக் கலைஞர்களாக இருந்த அவர்களின் மனத்தைக் கருவி கொண்டு திரிக்கிறான். மற்றோரிடத்தில் அவர்களே மெகாட்ரானைக் கட்டுகிறார்கள். இந்த மூன்றையும் பொருத்திவைக்க ரசிகர்கள் பட்ட பாடு தனிக் கதை.

அணியைக் கடந்தவர்கள்

பெட்டிக் குறிப்புகளில் தண்டர்கிராக்கர் என்ற டிசெப்டிகானுக்குத் தன் தரப்பின் நியாயத்திலேயே சந்தேகம். ஆட்டோபாட் மிராஜுக்கோ போரே பிடிக்காது. ஊர் திரும்பவே ஆசை. மிராஜின் சந்தேகத்தைத் தொடர் ஓரளவு தொட்டது. தண்டர்கிராக்கருடையதைக் கண்டுகொள்ளவே இல்லை.

முறையாக அணி மாறியவன் ஸ்கைஃபயர். போருக்கு முன் ஸ்டார்ஸ்கிரீமும் அவனும் விஞ்ஞானிகள், நண்பர்கள். பூமியை ஆராய வந்தபோது புயலில் சிக்கித் துருவப் பனியில் உறைந்துபோனான். விழித்தெழுந்ததும் பழைய நட்புக்காக டிசெப்டிகான் ஆகிறான்; கைதிகளைக் கொல்லச் சொன்னதும் மறுக்கிறான்; நண்பனே அவனைச் சுடுகிறான். ஸ்டார்ஸ்கிரீமுக்கும் ஒரு கடந்த காலம் உண்டு என்று காட்டும் அரிய இடம் இது. ஸ்கைஃபயரின் பொம்மை, பண்டாய் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்ட மேக்ராஸ் விமானம் என்பதால் உரிமைச் சிக்கல் வந்தது. தொடரில் உருவமும் பெயரும் மாறின.

காரெல்லாம் நல்லவர், விமானமெல்லாம் கெட்டவர் என்ற விதியைத் தொடரே இரண்டாம் பருவத்தில் உடைத்தது. சாலை ஆட்டோபாட்களின் ராஜ்யமாக இருப்பது பொறுக்காமல் மெகாட்ரான் ஸ்டன்டிகான்கள் என்ற கார்ப் படையை உண்டாக்குகிறான். பதிலுக்கு ஆப்டிமஸ் ஏரியல்பாட்கள் என்ற விமானப் படையைக் கட்டுகிறான். அவர்களின் தலைவன் சில்வர்போல்ட்டுக்கு உயரம் என்றால் பயம். புதிதாகப் பிறந்த ஏரியல்பாட்கள், டிசெப்டிகான்கள்தானே பலசாலிகள், ஏன் இந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்பதும் நடக்கிறது.

மூன்றாம் பருவம் இன்னும் ஒரு படி மேலே போனது. டிரான்ஸ்ஃபார்மர்களைப் படைத்தவர்கள் குவின்டெஸன்கள் என்ற ஐந்து முக உயிரிகள். அவர்கள் விற்றது இரண்டு சரக்கு. வீட்டு உபயோக ரோபோக்களின் வழித்தோன்றல்கள் ஆட்டோபாட்கள், போர்த் தளவாடங்களின் வழித்தோன்றல்கள் டிசெப்டிகான்கள். கடை அலமாரியில் செய்த பிரிவினையைக் கதாசிரியர்கள் கூச்சமில்லாமல் புராணமாக்கிவிட்டார்கள்.

மனித வில்லன்களைப் படைப்பதில் தொடருக்கு இந்தச் சாமர்த்தியம் இல்லை. மூன்றாம் பருவத்தில் கார்பாம்பியா என்று ஒரு கற்பனை அரபு நாட்டை இழிவாகச் சித்திரித்தபோது, கிளிஃப்ஜம்பர் என்ற ஆட்டோபாட்டுக்குக் குரல் கொடுத்துவந்த, லெபனான் வம்சாவளியைச் சேர்ந்த கேசி கேசம் தொடரிலிருந்து விலகினார். அவர் செய்தது சரி.

1986 திரைப்படம்

1986 ஆகஸ்ட் 8 அன்று வெளியான 'தி டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: தி மூவி' 2005-ல் நடக்கிறது. நெல்சன் ஷின் இயக்கினார். தொடக்கத்திலேயே ப்ரௌல், அயர்ன்ஹைட், ராட்செட் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். பிறகு மெகாட்ரானுடன் மோதி ஆப்டிமஸ் பிரைமும் இறக்கிறான். பழைய பொம்மைகளுக்கு விற்பனை முடிந்தது, புதியவற்றுக்கு இடம் வேண்டும் என்பதைத் தவிர இந்த மரணங்களுக்கு வேறு காரணம் இல்லை. திரையரங்குகளில் குழந்தைகள் கதறி அழுதார்கள். பெற்றோரின் கோபமும் கடிதங்களும் ஹாஸ்ப்ரோவைத் திகைக்க வைத்தன. அடுத்து வரவிருந்த 'ஜி.ஐ. ஜோ' படத்தில் ட்யூக் என்ற நாயகனின் மரணம் அவசரமாகக் கோமா நிலையாக மாற்றப்பட்டது.

படுகாயத்துடன் விண்வெளியில் வீசப்பட்ட மெகாட்ரானைக் கோள் தின்னும் யுனிக்ரான் கால்வட்ரானாக மாற்றுகிறான். கால்வட்ரானுக்கு லெனார்ட் நிமாய் குரல். யுனிக்ரானுக்கு ஆர்சன் வெல்ஸ். 1985 அக்டோபரில் இறப்பதற்குச் சில நாள் முன்பு வெல்ஸ் குரல்பதிவு செய்த கடைசிப் படவேலை இது. தலைவனாக முடிசூடிக்கொண்ட ஸ்டார்ஸ்கிரீமைச் சில நிமிடங்களிலேயே கால்வட்ரான் சாம்பலாக்குகிறான். ஸ்டார்ஸ்கிரீம் பேயாகத் தொடருக்குத் திரும்பி வந்தான். ஆட்டோபாட் தலைமை ஹாட் ராட் என்ற இளைஞனுக்குப் போய் அவன் ரோடிமஸ் பிரைம் ஆகிறான். தனக்கு இந்தப் பதவிக்குத் தகுதி உண்டா என்று ஓயாமல் தவிக்கும் தலைவன். பார்வையாளர்களும் அதையே கேட்டார்கள்.

1987 பிப்ரவரியில் இரண்டு பகுதிகளில் ஆப்டிமஸ் மீட்கப்பட்டான். பிரபஞ்சமெங்கும் பரவிய வெறுப்புக் கொள்ளைநோயை அவன் குணமாக்கிய பிறகு, கால்வட்ரான் இன்றைக்குச் சண்டை இல்லை என்று சொல்லி அவனுடன் கைகுலுக்குகிறான். அதற்குப் பின் வந்தது மூன்றே பகுதிகள் கொண்ட நான்காம் பருவம்.

பின்வந்த தொடர்களில்

ஜப்பான் தன் போக்கில் 'ஹெட்மாஸ்டர்ஸ்' முதலிய தொடர்களை எடுத்தது. கனடாவின் மெயின்ஃப்ரேம் 1996-ல் கணினி வரைகலையில் தயாரித்த 'பீஸ்ட் வார்ஸ்', அணி மாறிய டைனோபாட் என்ற வீரனின் மரணத்தால் இன்றும் பேசப்படுகிறது; 1984 தொடர் ஸ்கைஃபயரிடம் தொட்டுவிட்டுப் போனதை அது முழுமையாக எழுதிக் காட்டியது. 2007 திரைப்படத்தில் கல்லன் ஆப்டிமஸாகத் திரும்பினார். 2010-ல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்: பிரைம்' தொடரில் அவரும் வெல்க்கரும் மறுபடி எதிரெதிரே நின்றார்கள்.

மெகாட்ரான் ஏன் கெட்டவன் ஆனான் என்பதற்கு முதல் தொடரில் பதில் இல்லை. 2024-ல் வந்த 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன்' அசைபடம் அவனை டி-16 என்ற சுரங்கத் தொழிலாளியாக, ஓரியன் பாக்ஸின் உயிர்த் தோழனாகக் காட்டுகிறது. அதில் இருவருக்கும் துரோகம் செய்தவன் ஒருவனே. அவனை என்ன செய்வது என்பதில்தான் தோழர்கள் பிரிகிறார்கள்.