ஒரு மூடி சிரப்பின் கதை

ராத்திரி ரெண்டு மணி. ஆறு மாசக் குழந்தைக்கு மூக்கடைப்பு. பால் குடிக்க முடியல, தூங்க முடியல, ஒரே அழுகை. வீட்ல எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "சிரப் ஏதாவது குடுக்கலாமா?" இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு.

1840களில் அமெரிக்காவின் லோவெல் நகரத்தில் ஜேம்ஸ் குக் அயர் என்பவர் 'செர்ரி பெக்டோரல்' என்ற இருமல் மருந்தை விற்க ஆரம்பித்தார். விளம்பர அட்டையில் கொழுகொழு குழந்தைகள், பாட்டிலுக்குள்ளே மார்ஃபின். குடுத்தா இருமல் அடங்கும், குழந்தை தூங்கும். ஆனா சளி குணமாகியிருக்காது, அது மயக்கம். அளவு கூடினா மூச்சே நின்னுடும். மார்ஃபின் இருந்தா லேபிளில் சொல்லியாகணும்னு சட்டம் வந்ததே 1906இல்தான்.

அடுத்து 1937. தொண்டைத் தொற்றுக்கான சல்ஃபா மருந்தைச் சிரப்பாக்க, ஒரு அமெரிக்கக் கம்பெனி அதை டைஎத்திலீன் கிளைகாலில் கரைத்தது. அது சிறுநீரகத்தை அழிக்கிற விஷம். குழந்தைகள் உட்பட 100 பேருக்கு மேல் இறந்தாங்க. பாதுகாப்பை நிரூபிச்ச பிறகுதான் மருந்தை விற்கணும்னு 1938இல் அங்கே சட்டம் வந்தது.

முடிஞ்சுபோன கதையா? இல்ல. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் சளிக்கு 'கோல்ட்ரிஃப்' சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தாங்க. 20 பேருக்கு மேல். மருந்து தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு அரசின் பரிசோதனையில் 48.6% டைஎத்திலீன் கிளைகால். 88 வருஷம் கழிச்சும் அதே விஷம்.

சரி, ஒழுங்கா தயாரிச்ச சிரப்னா? ரெண்டு வயசுக்குக் கீழே கடையில் வாங்கி எதுவும் குடுக்காதீங்கன்னு அமெரிக்க எஃப்.டி.ஏ. 2008லேயே சொல்லிடுச்சு. பலன் நிரூபணமாகல, ஆபத்து உண்டு. அப்புறம் ஏன் நம்புறோம்? சாதாரண சளி வைரஸால வருது. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானா போயிடும். நடுவுல எதைக் குடுத்தோமோ, அதுக்குப் பேர் கிடைச்சிடுது.

குழந்தைக்கு வேண்டியது: அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா பால், பால் குடுக்குறதுக்கு முன்னாடி மூக்குல சலைன் சொட்டு, நம்ம பொறுமை. மூச்சு வாங்கினா, விலா உள்ளே இழுத்தா, பால் குடிக்கலைன்னா, மூணு மாசத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, உடனே டாக்டர்கிட்ட போங்க.

மத்தபடி, அந்த ராத்திரி ரெண்டு மணிக்கு அமைதி தேவைப்படுறது நமக்குத்தான். அதுக்காகக் குழந்தைக்கு மருந்து குடுக்க வேணாமே.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.