பால் திரிவதன் வரலாறு

வடசேரி பேருந்து நிலையத்தைச் சுற்றியிருக்கும் டீக்கடைகளுக்குக் காலை ஐந்து மணிக்கு முன்பே பால் வந்துவிடும். வண்டிக்காரர் கிரேடுகளைக் கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். கடைக்காரர் வந்து ஷட்டரைத் தூக்க அரை மணி ஆகலாம், ஒரு மணிகூட ஆகலாம். அதுவரைக்கும் பாக்கெட்டுகள் வியர்த்துக்கொண்டு தெருவில் கிடக்கும். ஊருக்குப் போய் இறங்குகிற ஒவ்வொரு அதிகாலையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தது என் மகள். ஒரு வயது ஆகி, பசும்பால் கொடுக்கத் தொடங்கியபோது வீட்டில் ஒரு வழக்கு வந்தது. அம்மா பாலை மூன்று தடவை பொங்கவிட்டுத்தான் இறக்குவார். நான் படித்தவன் அல்லவா? "அதான் பாக்கெட்டிலேயே பாஸ்டுரைஸ்டுன்னு போட்டிருக்கே, திரும்பத் திரும்பக் காய்ச்சினா சத்து போயிரும்மா" என்றேன். அம்மா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எழுதியிருக்கத நம்பலாம் மக்கா. அது வந்த வழிய நம்பலாமா?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு வாசித்துப் பார்த்தபோது புரிந்தது: நூற்றைம்பது வருடப் பால் அறிவியலின் வரலாறே கிட்டத்தட்ட இந்த ஒரு கேள்விதான்.

*

பால் ஏன் திரிகிறது? 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை படித்த ஐரோப்பியர்கள்கூட அது பாலின் சுபாவம் என்றே நினைத்தார்கள். இடி இடித்தால் பால் புளிக்கும் என்ற நம்பிக்கையும் அங்கே இருந்தது. 1857-ல் பிரான்சின் லீல் நகரத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த லூயி பாஸ்டர், புளிப்புக்குக் காரணம் உயிருள்ள ஒரு நுண்பொருள் என்று எழுதினார். அவர் சூடாக்கிக் காப்பாற்றியது முதலில் ஒயினைத்தான். அதே முறை பாலுக்கு வந்தது பிற்பாடு. பெயர் மட்டும் அவருடையதாக நிலைத்துவிட்டது.

இதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டியவர் ஜோசப் லிஸ்டர். அறுவை சிகிச்சையில் கிருமிநாசினியைப் புகுத்திய அதே மருத்துவர். 1870-களில் அவர் பாலை வைத்துச் செய்த பரிசோதனை ரொம்ப எளிமையானது. புளித்த பாலை எடுத்து, ஒரு துளியில் சராசரியாக ஒரு பாக்டீரியாவுக்கு மேல் இருக்காது என்கிற அளவுக்கு நீர்க்கச் செய்தார். காய்ச்சிய பால் நிறைந்த பல குவளைகளில் ஒவ்வொரு துளி விட்டார். சில குவளைகள் திரிந்தன, சில அப்படியே இருந்தன. திரிந்தவற்றில் எல்லாம் ஒரே வகை பாக்டீரியா. திரியாதவற்றில் ஒன்றுமே இல்லை. ஒற்றை வகை நுண்ணுயிரை மட்டும் தனியாகப் பிரித்து வளர்த்த முதல் முயற்சிகளில் ஒன்று இது. இன்று அந்த உயிருக்கு லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்று பெயர். நம் வீட்டு உறைமோரில் இருக்கும் கூட்டத்தின் நெருங்கிய சொந்தக்காரன்.

ஆக, பால் தானாகத் திரிவதில்லை. வெளியிலிருந்து ஏதோ ஒன்று உள்ளே வந்திருக்கிறது. "அது வந்த வழி" என்று அம்மா சொன்னது இதைத்தான்.

*

திரிந்த பாலைக் கீழே கொட்டிவிடலாம். திரியாமலே ஆளைக் கொல்லும் பாலை என்ன செய்வது?

1901-ல் லண்டனில் நடந்த காசநோய் மாநாட்டில் ராபர்ட் கோக் ஒரு குண்டைப் போட்டார். மாட்டுக்கு வரும் காசநோய் மனிதனுக்குப் பெரிய ஆபத்தில்லை, அதற்காக மெனக்கெட வேண்டாம் என்றார். சொன்னவர் காசநோய்க் கிருமியையே கண்டுபிடித்தவர். மறுத்துப் பேச எவ்வளவு தைரியம் வேண்டும்! பிரிட்டிஷ் அரசு உடனே ஒரு ராயல் கமிஷன் அமைத்தது. அது பத்து வருடம் ஆராய்ந்து, 1911-ல் கோக் சொன்னது தவறு என்று தீர்த்துச் சொன்னது. மாட்டுக் காசநோய் பால் வழியே மனிதர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு வருகிறது. இதற்கிடையே 1905-ல் மால்டா தீவில் தெமிஸ்டோகிளிஸ் ஸாமிட் என்ற மருத்துவர், ராணுவத்தினரை வாட்டிக்கொண்டிருந்த மால்டா காய்ச்சலின் கிருமி உள்ளூர் ஆடுகளில் இருப்பதைக் கண்டார். கிருமி ஆட்டுப்பாலில் ஏறி மனிதரிடம் வந்துகொண்டிருந்தது.

விடை தெரிந்த பிறகும் பச்சைப்பாலை விட அவர்களுக்கு மனமில்லை. சூடாக்கினால் ருசி போய்விடும், சத்து போய்விடும், சின்னப் பண்ணைக்காரன் நொடித்துப்போவான் என்று ஆயிரம் வாதம். நியூயார்க்கில் நேதன் ஸ்ட்ராஸ் என்ற வணிகர் 1893-லிருந்து ஏழைக் குழந்தைகளுக்கான பால் நிலையங்களைத் தன் செலவில் நடத்த வேண்டியிருந்தது. பாலைப் பாஸ்டர் முறையில் சூடாக்குவதை ஓர் அமெரிக்கப் பெருநகரம் கட்டாயமாக்கியது 1908-ல்தான். அது சிகாகோ.

இந்தச் சண்டை நம் ஊரில் நடந்ததாகத் தெரியவில்லை. காரணம் எளிது. நாம் பாலைப் பச்சையாகக் குடிக்கவில்லை. ஆச்சி காலத்து நாஞ்சில் நாட்டு வீடுகளில் கறந்த பால் நேராக அடுப்புக்குத்தான் போகும். தயிருக்கு உறை ஊற்றுவதும் காய்ச்சி ஆறிய பாலில்தான். 63 டிகிரியில் 30 நிமிடம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி என்பது ஆலையின் கணக்கு. இந்தச் சூட்டில் காசநோய்க் கிருமி செத்துவிடும். பொங்கி வரும் பால் அந்தச் சூட்டை எப்போதோ தாண்டியிருக்கும். நகராட்சியும் நாடாளுமன்றமும் சேர்ந்து அங்கே செய்த வேலையை இங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண், சட்டம் எதுவும் இல்லாமல், பொங்கி வழிந்துவிடாமல் பக்கத்திலேயே நின்று செய்திருக்கிறாள். இதை நாம் பொது சுகாதாரம் என்று சொல்வதில்லை. அடுப்படி வேலை என்கிறோம்.

*

மாடும் அடுப்பும் ஒரே வளவுக்குள் இருக்கும்வரை இந்த ஏற்பாடு போதும். இரண்டுக்கும் நடுவில் தூரம் வந்தபோதுதான் சிக்கல்.

ஒரு சின்னக் கணக்கு. சுமாரான சுத்தத்தோடு கறந்த பாலில் மில்லிக்கு 10,000 பாக்டீரியா என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெயிலில் அவை அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஐந்து மணி நேரத்தில் பத்து இரட்டிப்பு, அதாவது 1,024 மடங்கு. மில்லிக்கு ஒரு கோடியைத் தாண்டிவிடும். கறந்த பாலில் இயற்கையாகவே லாக்டோபெராக்சிடேஸ் என்றொரு நொதி முதல் சில மணி நேரம் காவல் நிற்கும். அதற்குப் பிறகு பாலைக் காப்பது குளிர்ச்சி மட்டும்தான்.

பம்பாய் இதைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது. அந்நகரத்துப் பாலை லண்டனுக்கு அனுப்பிச் சோதித்தபோது, அது லண்டன் சாக்கடைத் தண்ணீரைவிட அசுத்தமாக இருப்பதாகப் பதில் வந்த கதையை வர்கீஸ் குரியன் தன் சுயசரிதையில் சொல்கிறார். 1945-ல் பம்பாய் பால் திட்டம் வந்தது. குஜராத்தின் கைரா மாவட்டத்திலிருந்து பாலைக் குளிர்வித்து ரயிலேற்றும் வேலை பால்சன் என்ற தனியார் நிறுவனத்திடம் போனது. விலையில் ஏமாந்த விவசாயிகள் பாலைக் கொடுக்க மறுத்துப் போராடினார்கள். 1946 டிசம்பரில் கைரா கூட்டுறவுச் சங்கம் பதிவானது. பிற்பாடு அமுல் என்று உலகம் அறிந்தது அதைத்தான்.

1949-ல் அங்கே வந்து சேர்ந்த குரியன் பால் நிபுணர் அல்ல. கோழிக்கோட்டில் பிறந்து சென்னை கிண்டியில் இயந்திரப் பொறியியல் படித்தவர். இந்தியப் பாலின் பிரச்சினையில் பாதி குழாய், கம்ப்ரசர், கால அட்டவணை சம்பந்தப்பட்டது என்பதை அவர் வாழ்க்கையே காட்டுகிறது. 1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சியின் முதல் கட்டம் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களைக் கிராமங்களோடு இணைத்தது. தமிழ்நாட்டில் 1981-ல் கூட்டுறவு இணையம் உருவாகி, ஆவின் பாக்கெட் நம் வாசலுக்கு வந்தது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த எங்கள் மாவட்டமும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியானது.

*

தூரம் வந்ததும் நம்பிக்கைக்குப் பதிலாகச் சோதனைகள் வந்தன. எனக்குப் பிடித்தது மெத்திலீன் நீலச் சோதனை. பாலில் கொஞ்சம் நீலச்சாயம் விட்டு 37 டிகிரியில் வைப்பார்கள். பாக்டீரியா நிறைய இருந்தால் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும், நீலம் வெளுத்துவிடும். ஐந்து மணி நேரம் நீலம் நின்றால் மிக நல்ல பால். அரை மணியில் வெளுத்தால் மோசம். இன்னொரு சோதனை, ஐந்து மில்லி பாலைச் சோதனைக் குழாயில் எடுத்துக் கொதிநீரில் வைத்து, திரிகிறதா என்று பார்ப்பது. அம்மா தினமும் செய்வதும் அதேதான், அளவு மட்டும் அரை லிட்டர்.

பால் திரிவதில் ஒரு நேர்மை இருக்கிறது. "நான் கெட்டுவிட்டேன்" என்று அதுவே சொல்லிவிடுகிறது. பாலில் நடக்கும் மோசடிகளில் கேவலமானது தண்ணீர் கலப்பது அல்ல, இந்தக் குரலை அடைப்பது. புளிப்பு தெரியாமலிருக்க ஆப்பசோடா, கெடாமலிருக்க ஹைட்ரஜன் பெராக்சைடு, ஃபார்மலின். என் தொழிலில் பிழைச் செய்தியை மட்டும் அழித்துவிட்டு 'சரிசெய்தாயிற்று' என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே புத்திதான்.

மோசடியே இல்லாமலும் அந்தக் குரல் அடங்கக்கூடும். குளிரூட்டிய பாலில் புளிக்கவைக்கும் பாக்டீரியா தூங்கிவிடும். குளிரிலும் வளரும் சூடோமோனாஸ் வகைகள் விழித்திருக்கும். சூட்டில் அவை செத்தாலும் அவை விட்டுப்போன சில நொதிகள் சாவதில்லை. பிறகு பால் புளிக்காமல் கசக்கும். பேசில்லஸ் சீரியஸ் போன்றவற்றின் வித்துகளோ பாஸ்டர் முறைச் சூட்டையே தாண்டிப் பிழைத்து, பாக்கெட் சூடேறும் நேரத்துக்காகக் காத்திருக்கும். கடை வாசலில் ஷட்டர் திறக்கும்வரை கிடக்கிற அந்த நேரத்துக்காக.

ஆக வழக்கில் தீர்ப்பு இதுதான். குளிர் அறுபடாமல் வந்த பாக்கெட் பாலைக் காய்ச்ச வேண்டிய அவசியமில்லை, நான் சொன்னது சரி. குளிர் அறுபடவில்லை என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை, ஆகவே அம்மா செய்வது சரி. ஒரு கொதி போதும், மூன்று வேண்டாம் என்று சமாதானமானோம்.

*

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 1,103 ஊர்களில் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. முடிவு அடுத்த ஆண்டு வெளியானது. நாம் வாட்ஸப்பில் அலறுகிற யூரியா, டிடர்ஜென்ட் மாதிரியான கலப்படம் இருந்தது வெறும் 12 மாதிரிகளில். யாரும் பேசாத ஒன்று 368 மாதிரிகளில் வரம்பைத் தாண்டி இருந்தது: அஃப்ளடாக்சின் எம்1. தமிழ்நாட்டில் 551-க்கு 88. கேரளத்தில் 187-க்கு 37. இரண்டு மாநிலத்துக்கும் நடுவே இருப்பது எங்கள் மாவட்டம்.

1960-ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் செத்தபோது வெளிப்பட்ட நஞ்சு இது. தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கில் பூத்த பூஞ்சையிலிருந்து வந்தது. கல்லீரலைத் தாக்கும், நாள்பட்டால் புற்றுநோய்க்கும் வழி வைக்கும். பூத்த தீவனத்தை மாடு தின்றால் அதன் ஒரு பகுதி எம்1 ஆக மாறிப் பாலில் இறங்கும். இதற்கு மணம் இல்லை, ருசி இல்லை. பால் திரியாது. காய்ச்சினாலும் போகாது. எத்தனை பொங்கு பொங்கினாலும் போகாது.

ஆச்சியிடமிருந்து அம்மாவுக்கு வந்த அத்தனை அறிவும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. அடுப்படியில் நிற்கிற பெண்ணால் இனி குழந்தையைத் தனியாகக் காப்பாற்ற முடியாது. காவல் தொழுவத்துக்கும் தீவனக் கிடங்குக்கும் போயாக வேண்டும்.

போன ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தபோது தீவனம் விற்கிற கடை ஒன்றின் முன்னால் நின்றேன். எங்களுக்கு இரண்டு பருவமழையும் உண்டு, சாக்கு காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். ஓரமாக இருந்த மூட்டையின் வாயில் பச்சை படர்ந்திருந்தது. "அண்ணாச்சி, புண்ணாக்கு பூத்திருக்கே?" என்றேன். அவர் கையால் அதைத் தட்டிவிட்டு, "அதுக்கென்ன, மாடுதானே திங்கப் போகுது" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா பாலை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்போ இத எங்க போய்ச் சொல்லணும்?"