அமெரிக்க மேற்கின் துப்பாக்கி உறையும் தோட்டாக் கச்சையும்

ரிவால்வர் எனப்படும் சுழல்துப்பாக்கியை வெட்டவெளியில் சுமந்து செல்வோருக்கு உறையும் தோட்டாக் கச்சையும் துப்பாக்கிக்கு இணையான தேவைகளாகும். ஹோல்ஸ்டர் என்று அழைக்கப்படும் உறை துப்பாக்கியை உடலோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. கச்சை மாற்றுத் தோட்டாக்களைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கிறது. இவ்விரண்டின் இன்றைய வடிவங்களில் பல, 1847க்கும் 1920களுக்கும் இடையே அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் உருப்பெற்றவை. திரைப்படங்கள் இவற்றை விரைந்து சுடுவதற்கான சாதனங்களாகக் காட்டின. ஆனால் இவற்றைச் செய்த சேணத் தொழிலாளர்களுக்கும், வாங்கி அணிந்த மாடு மேய்ப்போருக்கும் வேறு கவலைகளே முதன்மையாக இருந்தன. குதிரை ஓடும்போது துப்பாக்கி விழாமல் இருக்க வேண்டும். மழையிலும் புழுதியிலும் அது கெடாமல் இருக்க வேண்டும்.

சேணத்திலிருந்து இடுப்புக்கு

சாமுவேல் கோல்ட் தம் சுழல்துப்பாக்கிக்கு 1836 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். மெக்சிகோவுடனான போரின்போது, 1847 இல், குதிரைப்படைக்காக அவர் செய்த வாக்கர் துப்பாக்கி 2 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்க ஏற்றதல்ல என்பதால், சேணத்தின் முன்புறத்தில் இரு பக்கமும் தொங்கும் இரட்டை உறைகளில் அது வைக்கப்பட்டது. இம்முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. வீரன் கீழே விழுந்து குதிரை ஓடிவிட்டால் துப்பாக்கியும் அதனுடன் போய்விடும்.

கோல்ட் நிறுவனத்தின் 1851 ஆம் ஆண்டு நேவி துப்பாக்கி ஏறத்தாழ 1.2 கிலோ எடையே கொண்டிருந்தது. அப்போது கலிபோர்னியாவில் தங்க வேட்டை நடந்துகொண்டிருந்தது. ஓடைகளிலும் மலைச்சரிவுகளிலும் வேலை செய்தவர்களுக்கு இடுப்போடு ஒட்டி நிற்கும் உறை தேவைப்பட்டது. இதற்காக எழுந்ததே கலிபோர்னியா வகை உறை. துப்பாக்கியின் வடிவத்தை அப்படியே தழுவுமாறு தோலை வெட்டி, ஓரத்தில் தைத்து இதைச் செய்தனர். மேல்மூடி கிடையாது, ஆனால் விசையும் உருளையும் தோலுக்குள் மறைந்திருக்கும்.

படையின் மூடியுறை

படைத்துறை வேறு வழியில் சென்றது. அமெரிக்கக் குதிரைப்படையினரின் உறை, கைப்பிடியையும் மறைக்கும் பெரிய மூடியைக் கொண்டிருந்தது. அது வலப்புற இடுப்பில், கைப்பிடி முன்னோக்கி இருக்குமாறு அணியப்பட்டது. வலக்கை வாளுக்கு உரியது, துப்பாக்கியை இடக்கையால் எடுக்கவேண்டும் என்பது இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம். மூடியைத் திறந்து துப்பாக்கியை எடுக்க நேரமாகும். ஆயினும் அக்காலத் துப்பாக்கிகளில் தளர்வான மருந்தும், தீப்பொறி தரும் சிறு செப்புத் தொப்பிகளும் பயன்பட்டன. ஈரம் பட்டால் அவை சுடாமற்போகும். எனவே மூடி வெறும் அலங்காரமாக இருக்கவில்லை.

தோட்டாக் கச்சையின் தோற்றம்

மருந்தையும் குண்டையும் தனித்தனியே இட்ட காலத்தில் தோட்டாக் கச்சைக்கு இடமில்லை. தோற்பைகளே போதுமானவையாக இருந்தன. உலோகக் கூட்டுக்குள் மருந்து, குண்டு, தீப்பொறி ஆகிய மூன்றும் அடங்கிய தோட்டா பரவிய பின்னரே நிலை மாறியது. சுமித் அண்டு வெசன் நிறுவனம் 1857 இல் இத்தகைய தோட்டாவுக்கான முதல் சுழல்துப்பாக்கியை வெளியிட்டது. அதைக் காத்துநின்ற காப்புரிமை 1869 இல் முடிவடைந்தது. 1873 இல் கோல்ட் நிறுவனத்தின் புகழ்பெற்ற சிங்கிள் ஆக்சன் ஆர்மி துப்பாக்கி வந்தது.

ஆன்சன் மில்சு என்ற படை அதிகாரி, வளையங்கள் தைத்த தோட்டாக் கச்சைக்கு 1867 இல் காப்புரிமை பெற்றார். டெக்சாசின் எல் பாசோ நகருக்கு 1859 இல் மனை வரைபடம் அமைத்தவரும் இவரே. கச்சை அணிந்தவர் பையைத் திறந்து துழாவ வேண்டியதில்லை. எத்தனை தோட்டாக்கள் மீதமுள்ளன என்பதும் விரல் தொட்ட அளவில் தெரிந்துவிடும்.

ஆனால் தோல் வளையங்கள் ஒரு புதுச் சிக்கலைக் கொண்டுவந்தன. தோல் பதனிடப் பயன்பட்ட துவர்ப்பு அமிலம் செம்பிலும் பித்தளையிலும் பட்டுப் பச்சை நிறக் களிம்பை உண்டாக்கியது. களிம்பேறிய தோட்டா வளையத்தில் ஒட்டிக்கொள்ளும். துப்பாக்கியின் அறைக்குள்ளும் சிக்கிக்கொள்ளும். சண்டை நடுவே சுட்ட கூடு வெளிவராமல் நிற்பது உயிருக்கே ஆபத்தானது. இதனால் 1876 இல் அமெரிக்கப் படை கித்தான் வளையங்கள் கொண்ட பிரேரி கச்சையை ஏற்றது. மில்சு மேலும் ஒரு படி சென்று, வளையங்களும் பட்டையும் ஒரே நெசவாக அமைந்த பருத்திக் கச்சையை உருவாக்கினார். தைக்கப்பட்ட வளையம்போல் அது பிரிந்து போகவில்லை. 1880களில் அது படையில் பரவலாகியது.

மெக்சிகன் வளைய உறை

பொதுமக்களோ தோலைக் கைவிடவில்லை. 1870களில் பரவிய மெக்சிகன் வளைய உறை ஒரே தோல் துண்டிலிருந்து வெட்டப்பட்டது. அதன் பின்பகுதி அகன்ற மடலாக இருக்கும். மடலில் வெட்டிய துளைகளின் வழியே உறையைச் செருகினால் அது வளையத்தால் இறுகப் பிடிக்கப்படும். மடலுக்கும் உறைக்கும் இடையில் அகன்ற தோட்டாக் கச்சை நுழையும். செயென் நகரின் மீனியா, டென்வர் நகரின் ஐசர் போன்ற சேணக் கடைகள் இவ்வகைக்குப் பெயர்பெற்றன.

கச்சை அகலமாக இருந்ததற்கு எடையே காரணம். .45 அளவுள்ள 40 தோட்டாக்கள் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ளவை. துப்பாக்கியும் சேர்ந்தால் 2 கிலோவைக் கடக்கும். ஒடுங்கிய பட்டை இடுப்பை அறுக்கும். அகன்ற பட்டை சுமையைப் பரப்பும். சில கச்சைகள் இரட்டைத் தோலாக மடித்துத் தைக்கப்பட்டு, உள்ளே நாணயங்களை வைக்கும் பணப்பையாகவும் பயன்பட்டன. கோல்ட் துப்பாக்கி .44-40 தோட்டாவுக்கும் செய்யப்பட்டபோது, 1873 ஆம் ஆண்டு வின்செசுட்டர் நீள்துப்பாக்கிக்கும் அதற்கும் ஒரே கச்சை போதும் என்ற வசதி உண்டானது.

ஐந்து தோட்டா வழக்கம்

அக்காலச் சுழல்துப்பாக்கியில் சுத்தியல் தோட்டாவின் மேல் படிந்திருக்கும்போது அதன்மேல் அடி பட்டால் துப்பாக்கி வெடிக்கக்கூடும். 1876 சனவரியில் கான்சாசின் விச்சிட்டா நகரில் காவலராக இருந்த வியாட் எர்ப், ஒரு மதுக்கடையின் பின்னறையில் அமர்ந்திருந்தார். அவரது துப்பாக்கி உறையிலிருந்து நழுவி விழுந்து வெடித்தது. குண்டு அவருடைய கோட்டைத் துளைத்துச் சென்றது.

இத்தகைய விபத்தைத் தவிர்க்க, ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, வெற்று அறையின்மேல் சுத்தியலை நிறுத்தும் வழக்கம் இருந்தது. உறையில் கட்டிய தோல் கயிற்றைச் சுத்தியலில் மாட்டித் துப்பாக்கி நழுவாமல் காப்பதும் உண்டு. ரூகர் நிறுவனம் 1973 இல் வெளியிட்ட பாதுகாப்பு அமைப்பு, அத்தகைய புதுத் துப்பாக்கிகளில் ஆறு அறைகளையும் நிரப்ப வழிசெய்தது.

இந்தியாவில் சாம் பிரவுன் கச்சை

இதே காலத்தில் இந்தியாவில் மற்றொரு தீர்வு பிறந்தது. சாமுவேல் பிரவுன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1858 ஆகத்து 31 அன்று பிலிபித் அருகே நடந்த சண்டையில் இடக்கையை இழந்தார். வாளுறையைப் பிடிக்க மறுகை இல்லாததால், வலத்தோளின் மேல் குறுக்காகச் செல்லும் வாரை இடுப்புக் கச்சையுடன் இணைத்தார். வாளின் சுமையைத் தோள் தாங்கியது. துப்பாக்கி உறையும் கச்சையில் நிலையாக நின்றது. இந்தியக் காவல்துறை அதிகாரிகளின் சீருடையில் காணப்படும் குறுக்குப் பட்டை இதன் வழிவந்ததே.

திரைப்படமும் பிற்காலமும்

தொடையளவுக்குத் தாழ்ந்து தொங்கி, காலோடு கட்டப்பட்ட உறை 20 ஆம் நூற்றாண்டுத் திரைப்படங்களால் பரவியது. 19 ஆம் நூற்றாண்டு ஒளிப்படங்களில் உறை பெரும்பாலும் இடுப்பில் உயரமாகவே காணப்படுகிறது. தாழ்ந்த உறை குதிரையேறும்போதும் உட்காரும்போதும் இடறும். 1950களின் தொலைக்காட்சித் தொடர்களுக்காக ஆர்வோ ஓசாலா உலோகத் தகடு பதித்த உறைகளைச் செய்தார். அவை நடிப்புக்கு உதவின. காட்டு வேலைக்கு அவற்றின் தேவை இருக்கவில்லை.

மெய்யாக விரைவை நாடிய உறை 1920களில் எல் பாசோவில் தோன்றியது. காவல் அதிகாரி டாம் திரீபெர்சன்சு பெயரால் வழங்கும் அது, மிகையான தோலை நீக்கி, சுத்தியலையும் விசைப்பகுதியையும் வெளியே விட்டு, இடுப்பில் உயரமாக நின்றது.

1955 இல் .44 மேக்னம் வந்தபின், கரடிகள் வாழும் பகுதிகளில் நடப்போரும் மீன்பிடிப்போரும் கனமான சுழல்துப்பாக்கிகளைச் சுமக்கலாயினர். முதுகுப்பையின் இடுப்புவாரும் நீர்புகா உடையும் இடுப்பு உறைக்குத் தடையாவதால், அலாசுகாவில் மார்பின் குறுக்கே அணியும் உறை பரவியது. தோட்டாக்களைத் தோல் வளையங்களில் நெடுநாள் விட்டுவைப்பவர்கள் இன்றும் அதே பச்சைக் களிம்பைக் காண்கின்றனர்.