வரவேற்பிலிருந்து சாட்சியக் காப்பகம் வரை: இலங்கை குறித்த ஜெனீவாத் தீர்மானங்களின் வினைச்சொற்கள்

இலங்கை குறித்து ஐ.நா. மனித உரிமைப் பேரவை நிறைவேற்றிய தீர்மானங்களை வாக்குக் கணக்கை வைத்தே வாசித்துப் பழகிவிட்டோம். யார் ஆதரித்தார்கள், இந்தியா என்ன செய்தது என்பதோடு செய்தி முடிந்துவிடும். இக்கட்டுரை அத்தீர்மானங்களின் வினைச்சொற்களைப் பின்தொடர்கிறது. எதைச் செய்ய வேண்டும், அதை யார் செய்ய வேண்டும் என்ற இரு கேள்விகளுக்கும் 2009இல் கிடைத்த விடை 2021இல் முற்றாக மாறியிருந்தது.

இலங்கை உள்நாட்டுப் போர் முடிந்த மறுவாரமே, 2009 மே 26, 27 தேதிகளில் பேரவை சிறப்பு அமர்வு கூட்டியது. அமர்வைக் கோரியவை ஜெர்மனியும் வேறு சில நாடுகளும். நிறைவேறியதோ இலங்கை அரசே முன்வைத்த வரைவு. ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6, இந்தியா ஆதரித்தது. ஐரோப்பியத் தரப்பின் திருத்தங்கள் விவாதத்துக்கு வராதபடி கியூபா ஒரு நடைமுறைப் பிரேரணையால் தடுத்தது. தலைப்பிலேயே ‘உதவி’ என்ற சொல் இருந்தது. தீர்மானம் போரின் முடிவை ‘வரவேற்றது’, அரசின் நடவடிக்கைகளைப் ‘பாராட்டியது’. அந்த நாளில் ஏறத்தாழ 2.8 இலட்சம் மக்கள் மெனிக் பாம் முதலிய முகாம்களில் முள்வேலிக்குள் இருந்தார்கள். பேரவையின் ஆவணங்களில் இதைவிட வேதனையான ஒன்றை நான் வாசித்ததில்லை.

ஆனால் அதே தீர்மானம், அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூனும் இலங்கை ஜனாதிபதியும் மே 23 அன்று வெளியிட்ட கூட்டறிக்கைக்கு ஒப்புதல் அளித்தது. பொறுப்புக்கூறலின் முக்கியத்துவம் அந்த அறிக்கையில் ஒரு வரியாக இடம்பெற்றிருந்தது. 2010இல் பான் கி மூன் மூவர் கொண்ட நிபுணர் குழுவை அமைத்தபோது காட்டிய அடிப்படை அந்த வரிதான். போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று 2011இல் வெளியான குழுவின் அறிக்கை சொன்னது. அதன்பின் பேரவையால் பழைய மொழியில் பேச முடியவில்லை.

2012 மார்ச் தீர்மானம் (24–15–8) அடக்கமானது. அரசு தானே நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுவின் பரிந்துரைகளை நிறைவேற்றும்படி அரசிடமே கேட்டது. தமிழ்நாட்டு மாணவர்கள் வீதிக்கு வந்த 2013 மார்ச்சில் வந்த தீர்மானமும் அதே தடத்தில்தான் நின்றது. திருப்பம் 2014இல் நேர்ந்தது. இம்முறை வினைக்குரிய எழுவாய் மாறிற்று: விசாரிக்கும் பணி மனித உரிமை ஆணையாளர் அலுவலகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. முந்தைய இரு ஆண்டுகளும் ஆதரித்த இந்தியா இப்போது நடுநிலை வகித்தது. விசாரணையாளர்களை இலங்கை உள்ளே விடவில்லை. நாட்டுக்கு வெளியிலிருந்தே சாட்சியங்களைத் திரட்டினார்கள்.

2015 செப்டம்பரில் வந்த விசாரணை அறிக்கை, சர்வதேச நீதிபதிகளும் அமரும் கலப்புச் சிறப்பு நீதிமன்றத்தைப் பரிந்துரைத்தது. ஆட்சி மாறியிருந்த இலங்கை, அக்டோபர் 1 அன்று 30/1 தீர்மானத்துக்குத் தானே இணை அனுசரணை வழங்கியது. அந்த இணக்கத்துக்கு ஒரு விலை இருந்தது. ‘கலப்பு’ என்ற சொல் மறைந்து, இலங்கையின் நீதிப் பொறிமுறையில் பொதுநலவாய மற்றும் பிற வெளிநாட்டு நீதிபதிகளின் ‘பங்கேற்பு’ என்று ஆனது. வாக்குறுதியளித்த நான்கு அமைப்புகளில் காணாமற்போனோருக்கானதும் இழப்பீட்டுக்கானதும் மட்டுமே உருவாயின. உண்மை ஆணைக்குழுவும் நீதிமன்றமும் வரவே இல்லை. 2020 பிப்ரவரியில் அடுத்த அரசு அனுசரணையை விலக்கிக்கொண்டது.

அந்த விலகலுக்கு 2021 மார்ச்சில் பேரவை தந்த மறுமொழி 46/1 (22–11–14). அதன் ஆறாவது பந்தியில்தான் இந்த வரலாற்றின் மையம் இருப்பதாகக் கருதுகிறேன். சாட்சியங்களைச் சேகரித்தல், தொகுத்தல், ஆராய்தல், பாதுகாத்தல் ஆகிய நான்கு வினைகளும் இலங்கை அரசின் சம்மதம் தேவைப்படாதவை. அதிகாரவரம்புள்ள பிற நாடுகளின் நீதிமன்றங்களில் வழக்கு நடந்தால் அதற்கு உதவுவது நோக்கம். சிரியாவுக்கு 2016இலும் மியான்மருக்கு 2018இலும் தனிப் பொறிமுறைகள் அமைக்கப்பட்டன. இலங்கைக்குக் கிடைத்தது ஆணையாளர் அலுவலகத்துக்குள் இயங்கும் ஒரு சிறு குழு. இது போதாது. ஆயினும், அரசை நோக்கிய வேண்டுகோளாக இருந்த பொறுப்புக்கூறல், அரசு மறுத்தாலும் தொடரும் பணியாக ஆனது இங்கேதான்.

தமிழில் இதற்கு இணையான மாற்றம் ஒன்று வீதியில் நடந்தது. 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் பிள்ளைகளைத் தேடித் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார், ‘காணாமல் போனோர்’ என்ற வழக்கை ஏற்கவில்லை. ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றார்கள். ‘போனோர்’ என்றால் தானாகப் போனவர். ‘ஆக்கப்பட்டோர்’ என்றால் ஆக்கியவர் ஒருவர் உண்டு. 30/1இன் விளைவாக 2018இல் இயங்கத் தொடங்கிய அலுவலகத்தின் தமிழ்ப் பெயரோ ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’ என்றே நிலைத்தது. அந்தப் பெயர்ப்பலகையைத் தாய்மார் பலர் நம்பாததற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம்.

2022இல் 51/1 (20–7–20) சாட்சியப் பணியை நீட்டித்தது. 2024இலும் 2025 அக்டோபரிலும் வாக்கெடுப்பே இல்லாமல் மேலும் நீட்டிக்கப்பட்டது. கோப்புகள் ஜெனீவாவில் சேர்ந்துகொண்டிருக்கின்றன. கோவிலடியில் படங்களை ஏந்தி அமர்ந்த பெற்றோரில் பலர், பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்று அறியாமலே இறந்துவிட்டார்கள்.