‘ரெனோன்ஸே’: பாண்டிச்சேரில ஒரு வினைச்சொல் செஞ்ச வேலை

ஆறு மாசமா ஆப்-ல ஸ்பானிஷ் கத்துக்கிட்டு இருக்கேன். போன வாரம் வந்த வினைச்சொல் ‘ரெனுன்சியார்’. துறப்பது, கைவிடுவது. டீம்ல இருக்கிற மெக்ஸிகோக்காரர்கிட்ட கேட்டா, “வேலையை ராஜினாமா பண்றதுக்கும் இதான்”னு சிரிச்சார். எதை விடறோம்னு சொல்லணும்னா நடுவுல ‘ஆ’ன்னு ஒரு சொல் வரணும்.

அப்போ ஸ்கூல் ஞாபகம் வந்துச்சு. பக்கத்து பெஞ்ச் பையனுக்கு பிரெஞ்சுக் குடும்பப் பேர், வீட்டுல சுத்தமான தமிழ். “நீ என்ன வெள்ளைக்காரனா?”ன்னு கிண்டல் பண்ணியிருக்கேன். அந்தப் பேருக்குப் பின்னாடி இருக்கிறது இதே வினைச்சொல்லோட பிரெஞ்சு வடிவம்: ‘ரெனோன்ஸே’. அதுக்கும் அதே ‘ஆ’ வேணும்.

கல்யாணம், சொத்து மாதிரி விஷயங்கள்ல இந்தியர்களுக்கு அவங்கவங்க சாதி வழக்கப்படிதான் தீர்ப்புன்னு 1819-லயே பிரெஞ்சு நிர்வாகம் சொல்லிடுச்சு. கேட்க மரியாதையா இருக்கும். ஆனா அந்த வழக்கமே கழுத்தை நெரிச்சவங்க எங்க போறது?

1873-ல பொன்னுத்தம்பி பிள்ளைங்கிற வக்கீல் ஐரோப்பிய பாணி ஷூ போட்டு கோர்ட்டுக்குப் போனார். வாதாட விடலை. பாரிஸ் வரைக்கும் வழக்கைக் கொண்டுபோய் ஜெயிச்சார்.

அப்புறம் வந்தது 1881 செப்டம்பர் 21 ஆணை. 21 வயசு நிரம்பிய எந்தச் சாதி, மத இந்தியரும், ஆணோ பெண்ணோ, தன் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள்ள வரலாம். மனைவியும் மைனர் பிள்ளைகளும் கூடவே சேர்ந்துடுவாங்க. நோட்டீஸ் பீரியட்ல மனசு மாறுற கதையெல்லாம் இங்க கிடையாது. துறந்தா துறந்ததுதான், திரும்ப வழியில்லை. கூடவே ஒரு குடும்பப் பேர் எடுத்துக்கணும். பொன்னுத்தம்பி எடுத்த பேர் ‘லாபோர்த்’. ‘கதவு’ன்னு அர்த்தம்.

துறந்தவங்களுக்குப் பேர் ரெனோன்சான். கிறிஸ்தவங்களும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரங்களும் இதுல நிறைய. ஆதிக்க சாதித் தலைவரான சண்முக வேலாயுத முதலியார் இதைக் கடுமையா எதிர்த்தார், எதிர்க்காம இருந்தாத்தான் ஆச்சரியம்.

சரி, எல்லாத்தையும் விட்டாச்சு, பிரெஞ்சுக்காரங்களுக்குச் சமம் ஆயிட்டாங்களா? 1884-ல வாக்காளர்களை மூணு பட்டியலாப் பிரிச்சாங்க. முதல்ல ஐரோப்பியர்கள், கடைசில மத்த இந்தியர்கள். ரெனோன்சான்கள் நடுவுல, தனியா. ‘ஆ’வுக்கு அப்புறம் என்ன வரணும்னு இவங்க எழுதினாங்க. எந்தப் பட்டியல்ல பேர் வரணும்னு எழுதினது வேற ஆளுங்க.

இவங்கள்ல பலர் பிரெஞ்சு அரசு வேலைக்கு சைகோன் கப்பல் ஏறினாங்க. அந்தக் கதை அடுத்த எபிசோட்ல. அதுக்கு முன்னாடி அந்தப் பழைய பெஞ்ச்மேட்டுக்கு நான் ஒரு மெசேஜ் போடணும்.